மருந்தால் வந்த பாதிப்புக்குக் குறியீடு இடுதல்: புதிய கோடர்களுக்கு ஒரு வழிகாட்டி

78 வயது மூதாட்டி ஒருவர், டாக்டர் எழுதிக்கொடுத்த டிகாக்சின் என்ற இதய மாத்திரையை நாள்தோறும் சொன்ன வேளையில் சொன்ன அளவில் விழுங்கி வருகிறார். சிறுநீரகத்தின் வேலை மெல்லக் குறைந்ததால் மருந்து உடலில் தேங்கி, குமட்டலும் இதயத் துடிப்பு மந்தமும் வந்து மருத்துவமனையில் சேர்கிறார். அடுத்த கட்டிலில் இருப்பவரோ கணவரின் டிகாக்சினைத் தம்முடைய ரத்த அழுத்த மாத்திரை என்று நினைத்து விழுங்கியவர். அவருக்கும் அதே குமட்டல், அதே துடிப்பு மந்தம். இருவர் சார்ட்டிலும், அதாவது மருத்துவப் பதிவிலும், டாக்டர் எழுதியிருப்பது ஒரே சொல்: டிகாக்சின் டாக்சிசிட்டி (நச்சுத்தன்மை). ஆனால் இருவருக்கும் இடவேண்டிய குறியீடு ஒன்றல்ல. குறியீடுகளை அடுக்கும் வரிசையும் ஒன்றுக்கொன்று நேர்மாறானது. இந்த வேறுபாடு கைக்கு வந்துவிட்டால், மருந்துப் பாதிப்புக் குறியீட்டில் பாதிக்கு மேல் கற்றுவிட்டதாகவே கொள்ளலாம்.

அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளைச் சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் அமர்ந்து படித்து, அவற்றுக்குக் குறியீடு இடும் கோடர்களாகத் தொடங்கியிருக்கும் இளைஞர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். ஆகவே இங்கே பேசப்படுவது, 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்காவில் நடைமுறையில் இருக்கும் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டுத் தொகுப்பு. அதன் 19ஆம் அத்தியாயத்தில் டி36 முதல் டி50 வரை மருந்துகளுக்கும், டி51 முதல் டி65 வரை மருந்தல்லாத நச்சுப் பொருள்களுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. குறியீடுகளின் ஆங்கில எழுத்துகளை ஒலிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். இக்கட்டுரையில் குறியீட்டின் தொடக்கத்தில் வரும் டி எல்லாமே ஆங்கில அகரவரிசையின் 20ஆம் எழுத்து என்று கொள்க.

முதல் படி: மருந்தின் பெயரைத் தேடாமல், அது எப்படி உள்ளே போனது என்று தேடுங்கள்

சார்ட்டைத் திறந்ததும் மருந்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு, மருந்துப் பெயர்களுக்கு எதிரே குறியீடுகள் தரும் டேபிளுக்கு ஓடுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: சரியாக எழுதிக்கொடுக்கப்பட்ட மருந்து, சரியாகக் கொடுக்கப்பட்டதா அல்லது உட்கொள்ளப்பட்டதா? ஆம் என்றால் அது அட்வெர்ஸ் எஃபெக்ட். தவறான மருந்து, கூடுதல் அளவு, தவறான வழி, வேறொருவருடைய மருந்து, தவறாக எழுதப்பட்ட சீட்டு என்று எங்கேனும் பிசகியிருந்தால் அது பாய்சனிங். சொன்னதைவிடக் குறைவாக எடுத்திருந்தாலோ தாமாகவே நிறுத்தியிருந்தாலோ அது அண்டர்டோசிங். உள்ளே போனது மருந்தே இல்லை, பூச்சிக்கொல்லி, மண்ணெண்ணெய், பாம்பின் விஷம் போன்றது என்றால் அது டாக்சிக் எஃபெக்ட்.

இக்கேள்விக்கான விடை டிஸ்சார்ஜ் சம்மரியின் நோய்ப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. நோயாளி வந்த கதையைச் சொல்லும் பகுதியிலும், அவசரப் பிரிவு டாக்டரின் குறிப்பிலும், வீட்டில் எடுத்துவரும் மருந்துகளின் பட்டியலிலும், மனநல மருத்துவர் பார்த்திருந்தால் அவருடைய குறிப்பிலும் அது சிதறிக் கிடக்கும். இந்த நான்கையும் படித்து முடிக்கும் வரை குறியீட்டுப் புத்தகத்தைத் தொடக்கூடாது என்பது நான் பயிற்சி வகுப்புகளில் விடாமல் வற்புறுத்தும் வழக்கம்.

டாக்சிசிட்டி என்ற சொல்லில் ஏமாறாதீர்கள்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி நம்மில் ஊறிப்போனது. அதனால் ரத்தத்தில் மருந்தின் அளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தவுடனே நம் மனம் நஞ்சு என்று முடிவுகட்டிவிடுகிறது. குறியீட்டு விதி ரத்தத்தில் இருக்கும் அளவைப் பார்ப்பதில்லை, உட்கொண்ட முறையைத்தான் பார்க்கிறது. மேலே சொன்ன மூதாட்டியின் ரத்தத்தில் டிகாக்சின் எவ்வளவு கூடியிருந்தாலும், அவர் சொன்னபடி எடுத்திருக்கிறார் என்பதால் அது அட்வெர்ஸ் எஃபெக்ட்தான்.

அட்வெர்ஸ் எஃபெக்ட்டில் பாதிப்பு முன்னே வரும், மருந்து பின்னே வரும். மூதாட்டிக்குத் துடிப்பு மந்தத்துக்கான ஆர்00.1, குமட்டலுக்கான ஆர்11.0 ஆகியவை முதலில். அவற்றுக்குப் பிறகே டி46.0எக்ஸ்5ஏ. இதில் ஆறாம் இடத்தில் நிற்கும் 5 என்ற எண்தான் அட்வெர்ஸ் எஃபெக்ட் என்று சொல்கிறது. ஒரே மருந்து மூன்று விதமான பாதிப்பைக் கொடுத்திருந்தாலும் மருந்தின் குறியீட்டை ஒருமுறை இட்டால் போதும். அடுத்த கட்டில்காரருக்கு டி46.0எக்ஸ்1ஏ முதலில் வரும். துடிப்பு மந்தமும் குமட்டலும் அதன் பின்னே.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களின் சார்ட்டுகள் உங்கள் மேசைக்கு அடிக்கடி வரும். சொன்னபடி மருந்தெடுத்தவருக்கு ரத்தப்போக்கு எதுவும் இல்லை, ரத்தம் உறையும் வேகத்தை அளக்கும் ஐஎன்ஆர் மட்டும் கூடியிருக்கிறது என்றால் ஆர்79.1, அதன் பின் டி45.515ஏ. ரத்தப்போக்கும் இருந்து, அது மருந்தால் வந்ததென்று டாக்டர் எழுதியிருந்தால் கதை வேறு. அப்போது ரத்தம் கசிந்த இடத்துக்கான குறியீட்டோடு, உறைவு எதிர்ப்பு மருந்தால் வந்த ரத்தப்போக்குக் கோளாறுக்கென்று தனியே இருக்கும் குறியீட்டையும் தேடி எடுக்கவேண்டும். மருந்துக்கு அங்கும் அதே டி45.515ஏதான்.

பெனிசிலின் ஊசி போட்டவுடன் மூச்சு முட்டி ரத்த அழுத்தம் விழுந்துவிட்ட நோயாளிக்கு டி88.6எக்ஸ்எக்ஸ்ஏ முதலில், டி36.0எக்ஸ்5ஏ அடுத்து. அவரே அடுத்த ஆண்டு கால் முறிவுக்காக வந்து, பெனிசிலின் ஒவ்வாது என்று மட்டும் சார்ட்டில் இருந்தால் அது நடந்து முடிந்த கதை, அதற்கு இசட்88.0 போதும். என்ன பாதிப்பு என்றே எழுதாமல் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் எழுதியிருக்கும் சார்ட்டுக்கு டி88.7எக்ஸ்எக்ஸ்ஏ இருக்கிறது. அதைக் கடைசிப் புகலிடமாக மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள்.

பாய்சனிங்: நோக்கத்தை நீங்கள் ஊகிக்கக் கூடாது

பாய்சனிங் என்று முடிவானதும் அடுத்த கேள்வி நோக்கம் பற்றியது. 1 தற்செயல், 2 தனக்குத்தானே தீங்கு செய்துகொள்ளும் நோக்கம், 3 பிறர் தாக்குதல், 4 தீர்மானிக்க முடியாதது. இந்த எண்ணிலேயே காரணமும் நோக்கமும் அடங்கிவிடுவதால், வெளிக்காரணத்துக்கென்று வேறொரு குறியீடு சேர்க்கவேண்டியதில்லை.

இங்கே இரண்டு இடங்களில் கால் வழுக்கும். நோக்கம் சார்ட்டில் எழுதப்படவே இல்லை என்றால் 4 போடுகிறார்கள், அது தவறு. எழுதப்படாத நோக்கத்துக்கு விதி தரும் எண் 1தான். நோக்கத்தைத் தீர்மானிக்க இயலவில்லை என்று டாக்டரே வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டும் 4. இரண்டாவது வழுக்கல் இதைவிடப் பெரியது. மாத்திரையின் எண்ணிக்கை அதிகம், நோயாளி இளவயது, வீட்டில் சண்டை என்ற மூன்றையும் பார்த்துத் தாமாகவே 2 போட்டுவிடுவார்கள். என் வகுப்பில் பயின்ற ஒருவர், தலைவலி தாங்காமல் மணிக்கொரு முறை வலி மாத்திரை போட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு இப்படி 2 போட்டிருந்தார். ஆடிட்டில் அது பிடிபட்டது. பிடிபடாமல் போயிருந்தால், தற்கொலைக்கு முயன்றவர் என்ற வரி, அப்படி நினைத்தே பாராத ஒரு மனிதரின் மருத்துவப் பதிவிலும் காப்பீட்டு நிறுவனத்தின் கோப்பிலும் நிலைத்திருக்கும். நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்கிற நமக்கு இந்த இடத்தில் இருக்கவேண்டிய கவனம் சாதாரணமானது அல்ல.

இதன் மறுபக்கமும் அதே அளவு முக்கியம். டாக்டர் தற்கொலை முயற்சி என்று தெளிவாக எழுதியிருக்கும்போது, இரக்கப்பட்டோ தயங்கியோ 1 போடுவதும் தவறு. அந்த நோயாளிக்குப் பிற்பாடு கிடைக்கவேண்டிய மனநல உதவியை ஆதரிக்கும் பதிவு அதுதான்.

இரண்டு மருந்துகள் சேர்ந்து செய்யும் தீங்கில் ஒரு நுட்பம் உண்டு. டாக்டர் எழுதிக்கொடுத்த இரண்டு மருந்துகளும் சொன்னபடி எடுக்கப்பட்டு, அவை ஒன்றோடொன்று மோதிப் பாதிப்பு வந்தால் அது அட்வெர்ஸ் எஃபெக்ட். ஆனால் வார்ஃபரின் எடுப்பவர் மூட்டு வலிக்கென்று டாக்டரைக் கேட்காமல் கடையில் ஆஸ்பிரின் வாங்கிப் போட்டு, அதனால் இரைப்பையில் ரத்தம் கசிந்தது என்றால், வார்ஃபரினைச் சரியாகவே எடுத்திருந்தாலும் அது பாய்சனிங். டி45.511ஏ, டி39.011ஏ ஆகிய இரண்டும் முன்னே வரும், ரத்தப்போக்கு பின்னே. மதுவோடு மருந்து சேர்ந்து தீங்கு செய்தாலும் அது பாய்சனிங்தான். தூக்க மாத்திரையைச் சரியான அளவில் எடுத்தார், ஆனால் மேலே மதுவும் குடித்தார் என்ற சார்ட்டை அட்வெர்ஸ் எஃபெக்ட் என்று குறிப்பது புதியவர்களிடம் நான் அடிக்கடி காணும் பிழை.

கலவை மாத்திரைகளையும் பிரித்துப் பாருங்கள். நார்கோ என்று எழுதியிருந்தால் அதில் ஹைட்ரோகோடோனும் அசிட்டமினோஃபெனும் இருக்கின்றன. நாம் பாராசிட்டமால் என்று அழைப்பதைத்தான் அமெரிக்கர்கள் அசிட்டமினோஃபென் என்கிறார்கள். சார்ட்டில் ஏபிஏபி என்று சுருக்கியும் எழுதுவார்கள். டேபிளில் கலவைக்கென்று தனிக் குறியீடு இல்லாதவரை ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனிக் குறியீடு வேண்டும்.

போதைப் பழக்கம் உள்ளவர் அளவு மீறி மயங்கி வந்தால், பாய்சனிங் முதலில், பழக்கத்துக்கான எஃப் குறியீடு பிறகு. ஹெராயினுக்கான டி40.1எக்ஸ் வரிசையில் 5, 6 ஆகிய எண்களே கிடையாது. டாக்டர் எழுதிக்கொடுக்கும் பொருளாக அமெரிக்காவில் ஹெராயின் இல்லை என்பதால், அதைச் சரியாக எடுத்தார் என்றோ குறைவாக எடுத்தார் என்றோ ஒரு நிலை அந்தத் தொகுப்பில் இல்லை.

அண்டர்டோசிங்: ஒருபோதும் முதலிடம் இல்லை

6 என்ற எண் அண்டர்டோசிங்குக்கு உரியது. அது எந்தச் சார்ட்டிலும் முதல் குறியீடாக வரக்கூடாது. மருந்து குறைந்ததால் மோசமான நோயே முதலில் வரும். இன்சுலின் விலை கட்டுப்படியாகாமல் பாதி அளவாகப் போட்டுக்கொண்டு, இரண்டாம் வகை நீரிழிவில் ரத்தத்தில் அமிலம் கூடும் கீட்டோஅசிடோசிஸ் வந்து சேர்ந்தவருக்கு ஈ11.10, டி38.3எக்ஸ்6ஏ, இசட்91.120 என்று மூன்றும் இந்த வரிசையில் வரவேண்டும். கடைசியில் இருப்பது, பண நெருக்கடியால் நோயாளி தெரிந்தே குறைத்துக்கொண்டார் என்று சொல்லும் குறியீடு. முதுமையின் தளர்ச்சியால் மறந்துபோனவருக்கு இசட்91.130. ஏன் குறைந்தது என்ற இந்தக் கடைசிக் குறியீட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மருந்து வாங்கப் பணமில்லை என்ற உண்மை அந்தப் பதிவில் வேறெங்கும் எண்ணாக வராது என்பதால், அதை விடாமல் இடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்சுலின் பம்ப் பழுதடைந்து மருந்து குறைந்திருந்தால், பம்பின் கோளாறுக்குரிய டி85.6 வரிசைக் குறியீடு முதலில் வரும், டி38.3எக்ஸ்6 பிறகு. அதே பம்ப் அளவுக்கு மீறிச் செலுத்தியிருந்தால் 6க்குப் பதில் 1.

டேபிளில் பார்த்தது பாதி வேலைதான்

மருந்துகளும் வேதிப்பொருள்களும் அடங்கிய டேபிளில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆறு கட்டங்கள் இருக்கும்: பாய்சனிங்குக்கு நான்கு, அட்வெர்ஸ் எஃபெக்ட்டுக்கு ஒன்று, அண்டர்டோசிங்குக்கு ஒன்று. டேபிளிலிருந்து நேரடியாகக் குறியீடு எடுக்கக்கூடாது, குறியீடுகளை எண் வரிசையில் விதிக் குறிப்புகளோடு தரும் டேபுலர் லிஸ்ட்டில் சரிபார்த்தே எடுக்கவேண்டும் என்பது எழுத்திலேயே இருக்கும் விதி. அதற்கான காரணத்தை லித்தியத்தை வைத்துப் பார்க்கலாம். டேபிளில் லித்தியம் என்ற தலைப்புச் சொல்லுக்கு எதிரே இருப்பது உலோகத்துக்கான டி56 வரிசை. மனநல மருந்தாக நோயாளி எடுப்பது லித்தியம் கார்பனேட். அதைத் தேட அந்தத் தலைப்பின் கீழே உள்ளடங்கி அச்சாகியிருக்கும் வரிக்கு இறங்கவேண்டும். அங்கேதான் டி43.59 வரிசை கிடைக்கும். அவசரத்தில் முதல் வரியோடு நின்றவர், மாத்திரை சாப்பிட்ட நோயாளியை உலோக நஞ்சுக்கு ஆளானவராக ஆக்கிவிடுவார். டி56 வரிசையில் அட்வெர்ஸ் எஃபெக்ட் என்ற எண்ணே இல்லை என்பதை டேபுலர் லிஸ்ட்டில் பார்த்திருந்தால் அந்தப் பிழை அங்கேயே நின்றிருக்கும்.

நடுவில் வரும் எக்ஸ் வெறும் இடநிரப்பி. அதை விட்டுவிட்டால் அடுத்துள்ள எழுத்துகள் இடம் மாறி, குறியீடே செல்லாததாகிவிடும். ஏழாம் இடத்தில் ஏ என்பது முதல் டாக்டர் பார்த்ததைக் குறிப்பதல்ல, அந்தப் பாதிப்புக்கு முனைப்பான சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது என்பதைக் குறிப்பது. ஓர் ஊரில் அவசரப் பிரிவில் பார்த்து, வேறோர் ஊரின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டவருக்கு இரண்டு இடங்களிலும் ஏ என்ற எழுத்துதான். பாதிப்பு ஆறிய பின்னும் எஞ்சி நிற்கும் குறைக்கு எஸ். அங்கே எஞ்சிய குறை முதலில் வரும்.

ஒரு சார்ட்டைச் சேர்ந்து படிப்போம்

பயிற்சிக்காக நான் அமைத்துக்கொண்ட சார்ட் இது. 22 வயது மாணவி. நர்ஸ் குறிப்பு: டைலெனால் பிஎம் அதிகம் எடுத்துவிட்டதாகத் தோழி அழைத்து வந்தார், தற்செயலா என்று தெரியவில்லை. அவசரப் பிரிவு டாக்டர்: ஓவர்டோஸ், கல்லீரல் நொதிகள் கூடியுள்ளன. மூன்றாம் நாள் மனநல மருத்துவர்: முதலில் மறுத்தார், பின் வாழப் பிடிக்காமல் எடுத்ததாகச் சொன்னார், மனச்சோர்வு நோய். டிஸ்சார்ஜ் சம்மரி: அசிட்டமினோஃபென் ஓவர்டோஸ், தற்கொலை முயற்சி, மருந்தால் வந்த கல்லீரல் பாதிப்பு.

நர்ஸ் எழுதிய வரி நமக்குத் துப்பு மட்டுமே, ஆதாரம் ஆகாது. மனநல மருத்துவரும் டிஸ்சார்ஜ் எழுதிய டாக்டரும் ஒரே நோக்கத்தைச் சொல்வதால் 2 உறுதியாகிறது. டைலெனால் பிஎம்மில் அசிட்டமினோஃபெனோடு டைஃபென்ஹைட்ரமினும் இருப்பதால், டி39.1எக்ஸ்2ஏ, டி45.0எக்ஸ்2ஏ என்று இரண்டு வரும். கல்லீரல் பாதிப்புக்கு கே71 வரிசைக்குப் போனால், பாய்சனிங்காக இருந்தால் அதன் குறியீட்டை முதலில் இடுக என்ற குறிப்பு அந்தத் தலைப்பின் கீழேயே அச்சாகியிருக்கும். வரிசையை டேபுலர் லிஸ்ட்டே சொல்லிவிடுகிறது. மனச்சோர்வின் குறியீடு அதற்குப் பின். ரத்தப் பரிசோதனைத் தாளில் பொட்டாசியம் குறைவாக இருக்கிறதே, அதையும் இடலாமா என்று ஒருவர் கேட்பார். டாக்டர் அதை நோயாக எழுதாதவரை இடக்கூடாது.

இதே சார்ட்டில் மனநல மருத்துவர் தற்கொலை நோக்கம் என்றும், டிஸ்சார்ஜ் எழுதிய டாக்டர் தற்செயல் என்றும் எழுதியிருந்தால் நாம் நடுவராகக் கூடாது. பொறுப்பு டாக்டருக்குக் க்வெரி, அதாவது விளக்கம் கேட்கும் குறிப்பு, அனுப்பவேண்டும். இது தற்கொலை முயற்சிதானே என்று கேட்பது விடையை வாயில் ஊட்டுவது. இரண்டு குறிப்புகளும் எந்தத் தேதியில் எங்கே இருக்கின்றன என்று காட்டி, நோக்கத்தைத் தெளிவுபடுத்துமாறு கேட்டு, தீர்மானிக்க இயலவில்லை என்ற தெரிவையும் சேர்த்து அனுப்புவதே முறை.

மருந்தல்லாத நஞ்சும், நம் ஊர்ப் பதிவேடும்

டி51 முதல் டி65 வரையிலான டாக்சிக் எஃபெக்ட் குறியீடுகளில் நோக்கத்துக்கான 1 முதல் 4 வரைதான் உண்டு. ஆர்கனோஃபாஸ்ஃபேட் பூச்சிக்கொல்லிக்கு டி60.0எக்ஸ், நாகப்பாம்பின் விஷத்துக்கு டி63.04, மெத்தனாலுக்கு டி51.1எக்ஸ். வரிசை பாய்சனிங்கைப் போலவே: நஞ்சு முன்னே, மூச்சுத் திணறலும் வலிப்பும் பின்னே.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10ஐக் கையாளும் இந்திய மருத்துவமனைப் பதிவறைக்குப் பிற்காலத்தில் நீங்கள் போக நேர்ந்தால், கையோடு கொண்டுபோகக் கூடாத பழக்கம் ஒன்று உண்டு. அந்தத் தொகுப்பில் நோக்கம் டி குறியீட்டுக்குள் அடங்காது, வெளிக்காரணக் குறியீடாகத் தனியே வரும். பூச்சிக்கொல்லியைத் தவறுதலாக விழுங்கிய விவசாயிக்கு டி60.0உடன் எக்ஸ்48, தற்கொலை நோக்கத்தோடு குடித்தவருக்கு அதே டி60.0உடன் எக்ஸ்68. சரியாக எடுத்த மருந்தின் பக்கவிளைவுக்கு ஒய்40 முதல் ஒய்59 வரை. அமெரிக்கப் பழக்கத்தில் டி குறியீட்டோடு நிறுத்திக்கொண்டால் அங்கே நோக்கம் பதிவாகாமலே போகும்.

அமெரிக்கத் தொகுப்பு ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்று புதுப்பிக்கப்படுகிறது; இடையில் ஏப்ரலிலும் மாற்றங்கள் வருவதுண்டு. வலி மருந்துகளான ஃபென்டனிலுக்கு டி40.41, ட்ரமடாலுக்கு டி40.42 என்ற தனி வரிசைகள் 2020 அக்டோபரில் வந்தவை. அதற்கு முன் இவை டி40.4எக்ஸ் என்ற ஒரே வரிசையில் இருந்தன. உள்நோயாளியின் சார்ட்டுக்கு எந்த ஆண்டின் குறியீடு என்பதை முடிவுசெய்வது டிஸ்சார்ஜ் தேதி. செப்டம்பர் 30 அன்று வீடு திரும்பியவரின் சார்ட் அக்டோபர் 10 அன்று உங்கள் திரையில் திறந்தாலும் பழைய தொகுப்பிலேயே தேடுங்கள்.